கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் லண்டனில் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ படத்தொகுதியில், 1797இல் அச்சான ஒரு படம் இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றம் என்று தலைப்பு. தலைப்பை நம்பிப் பார்த்தால் கோட்டையைத் தேடத்தான் வேண்டும். அது தூரத்தில், தொடுவானத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு நீளக் கோடு. முன்னால் முழுக்க அலைதான். அந்த அலை ஏறும் படகும், படகில் துடுப்பு வலிக்கும் கறுத்த ஆட்களும்தான் முதலில் கண்ணில் படுகிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கோட்டையின் கட்டடங்களைத்தான் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். கோபுரம் எது, கொடிமரம் எது, கவர்னர் மாளிகை எது என்று. அதில் குற்றமில்லை; தலைப்பே அதைத்தானே சொல்கிறது. ஆனால் மதராஸைக் கடலிலிருந்து பார்த்து வரைந்த படங்களைத் தொடர்ந்து பார்க்கப் பார்க்க, அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேலே வானம், நடுவே கோட்டையும் கப்பலும், அடியில் கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மைல் தண்ணீர். காசு கொடுத்து வரையச் சொன்னவர்களுக்கு நடுப்பகுதி வேண்டியிருந்தது. நகரத்தின் கதை அடிப்பகுதியில் நடந்தது.

காரணம் மிக எளியது. சென்னைக் கடற்கரை நேர்கோடு. வளைகுடா கிடையாது, முனை கிடையாது, கப்பல் ஒதுங்க ஒரு தீவும் கிடையாது. கூவமும் அடையாறும் கடலைத் தொடும் இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி மணல் திட்டுதான். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த இடத்தைப் பிடித்ததற்கு சாந்தோமில் அவருக்கு இருந்த ஒரு சிநேகிதிதான் காரணம் என்று பழைய வம்பு ஒன்று உண்டு. வம்பு உண்மையோ பொய்யோ, துறைமுகத்துக்காக யாரும் இந்த இடத்தைப் பிடித்திருக்க முடியாது என்பதுதான் அதற்கு இத்தனை நாள் உயிர் கொடுத்தது. கம்பெனிக் கப்பல் கரையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால், திறந்த கடலில் நங்கூரம் போடும். அங்கிருந்து கரைக்கு வருவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அலைகள் முறியும். ஐரோப்பியக் கப்பலோடு வரும் சிறுபடகு ஆணி அடித்துச் செய்தது. அந்த அலையில் தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். ஆகவே துணிப்பொதி, வெள்ளிப் பெட்டி, குதிரை, பீரங்கி, கவர்னர், கவர்னரின் மனைவி என எதுவானாலும், யாரானாலும், இந்தக் கரையின் ஆட்கள் இந்தக் கரையின் படகில் ஏற்றிக் கொண்டுவந்தால்தான் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதுதான் நிலை.

இந்தக் கடலைப் பார்க்காமலே வரைந்த படம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமையகத்தின் சுவரில் மாட்டுவதற்காக, ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இரு ஓவியர்களுக்கு ஆறு எண்ணெய் வண்ண ஓவியங்கள் சொல்லப்பட்டன. மதராஸ், பம்பாய், கல்கத்தா, தலச்சேரி, செயின்ட் ஹெலினா, நன்னம்பிக்கை முனை ஆகிய ஆறு இடங்கள். 1732இல் கணக்குத் தீர்த்தார்கள். படத்துக்குப் பதினைந்து கினி வீதம் ஆறுக்கும் சேர்த்து 94 பவுன் 10 ஷில்லிங். நிலத்தை லாம்பர்ட் வரைந்தார், கப்பல்களை ஸ்காட் வரைந்தார். இருவருமே இந்தியாவுக்கு வந்ததில்லை. யாரோ கொண்டுவந்த வரைபடங்களையும் கோட்டுச் சித்திரங்களையும் வைத்துக்கொண்டு கோட்டைகளை எழுப்பினார்கள்.

ஆனால் அந்தப் படங்களில் கப்பல்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்காட் தேம்ஸ் நதியில் நாளெல்லாம் பார்த்தவை அவை. கப்பல் ஓவியம் என்ற வகையே டச்சுக்காரர்களிடமிருந்து இங்கிலாந்துக்கு வந்தது; வில்லெம் வான் டி வெல்டே தந்தையும் மகனும் 1670களில் லண்டனில் குடியேறியபோது அந்தக் கலையையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்த வகையில் ஓவியனுக்குக் கடுமையான ஒரு நீதிபதி உண்டு. படத்தை வாங்குகிறவர் கப்பல் தலைவராகவோ பங்குதாரராகவோ இருப்பார். பாய்மரத்தில் எந்தக் கயிறு எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு கயிறு தப்பினால் படம் திரும்பி வரும். கரையோரப் படகில் துடுப்பு எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதில் தப்பு இருந்தால் கேட்க லண்டனில் ஆள் கிடையாது. மதராஸ் படங்களில் கப்பலின் கயிறு ஒவ்வொன்றும் துல்லியமாகவும், படகுக்காரர் வெறும் மைப்புள்ளியாகவும் இருப்பதன் காரணத்தை ஓவியரின் கையில் தேட வேண்டாம், வாங்கியவரின் கண்ணில் தேடினால் போதும். 1754இல் யான் வான் ரைன் செதுக்கி வெளியிட்ட கோட்டைப் படம், இந்த லாம்பர்ட்–ஸ்காட் ஓவியத்தை அடியொற்றியது. பார்க்காமல் வரைந்த மதராஸ் இப்படி அச்சில் ஏறி, மதராஸின் முகமாக ஐரோப்பாவில் சுற்றியது.

டேனியல்கள் வந்து பார்த்தவர்கள். தாமஸும், அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தாவில் இறங்கினார்கள். வில்லியமுக்கு அப்போது பதினேழு வயதுகூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். வடக்கே இமயமலை அடிவாரம் வரை போய்விட்டு, 1792 மார்ச் இறுதியில் மதராஸ் வந்து சேர்ந்தார்கள். சில நாள் தங்கிவிட்டுத் தெற்கே கிளம்பி, மதுரை, ராமேசுவரம் எல்லாம் சுற்றி, ஆண்டின் இறுதியில் மறுபடி மதராஸுக்கு வந்து, 1793 தொடக்கத்தில் பம்பாய்க்குக் கப்பலேறினார்கள். ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’யில் மொத்தம் 144 படங்கள்.

அவர்கள் கையில் கேமரா அப்ஸ்க்யூரா இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வில்லை பொருத்திய இருட்டுப் பெட்டி அது. எதிரில் இருக்கும் கட்டடத்தின் நிழல் உள்ளே தாளில் விழும், அதன்மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டு போகலாம். அவர்களுடைய கோயில் கோபுரங்களும் மண்டபங்களும் இன்றும் அளவு தப்பாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டி. கோட்டைச் சுவர் பெட்டிக்கு அடங்கும். அலை அடங்காது. ஒரு நொடி எழுந்து மறு நொடி உடையும் பொருளின் நிழல்மேல் யார் பென்சிலை ஓட்ட முடியும்? ஆகவே இந்தப் படத்தில் இரண்டு விதமான பார்வைகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. மேலே பெட்டி பார்த்த கோட்டை. கீழே கண் பார்த்து, மனம் நினைவில் வைத்து, கை பிறகு போட்ட கடல். அந்த மனம் சும்மா கரையில் நின்று பார்த்த மனமல்ல. அந்த அலையில் அதே மாதிரிப் படகில் உட்கார்ந்து, நனைந்து, கரை சேர்ந்த மனம். கீழ்ப்பகுதி அதனால்தான் இத்தனை உயிரோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அச்சு முறையும் கை கொடுத்தது. அக்வாடின்ட் என்பது செப்புத் தகட்டின்மேல் பொடித்த குங்கிலியத்தைத் தூவிச் சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் முக்கி எடுக்கும் முறை. பொடிக்கு இடையிலுள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். கோடு இல்லாமலே வெளிர், மங்கல், கருமை என்று பல அடுக்கு நிழல்கள் கிடைக்கும். பிறகு கையால் வண்ணம். வெறும் கோட்டால் செதுக்கும் பழைய முறையில் கடல் எப்போதும் சீப்பால் வாரிய மாதிரிதான் வரும். ஈரமும் நுரையும் மேகமூட்டமும் வேண்டுமென்றால் அக்வாடின்ட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த வித்தையை டேனியல்கள் கல்கத்தாவிலேயே, அந்த நகரத்தின் பன்னிரண்டு காட்சிகளை அச்சிடும்போது, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள்.

வில்லியம் டேனியலை மதராஸ் அலை விடவில்லை. 1833இல், இந்தியாவை விட்டு நாற்பது ஆண்டு கழித்து, அறுபது வயது தாண்டியபின், அவர் மறுபடி மதராஸ் கடலை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்தார். திடீர்ப் புயற்காற்று ஒன்று கடந்துபோகிற நேரம் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்த ஓவியம் இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. இடையில் அவர் பிரிட்டன் முழுவதன் கடற்கரையையும் சுற்றி வந்து வரைந்து முடித்திருந்தார். அத்தனை கரைகளையும் பார்த்த கை, கடைசியில் இருபத்து மூன்று வயதில் பார்த்த கரைக்குத் திரும்பியது.

இனி அந்தப் படகு. ஆங்கிலேயர் மசூலா என்றார்கள். பாண்டிச்சேரிப் பக்கத்தில் சலங்கு. திருகோணமலைக் கப்பல் தளத்தில் தலைமைத் தச்சராக இருந்த ஜான் எடை, 1834இல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி இதழில் சோழமண்டல, மலையாள, இலங்கைக் கரைகளின் படகுகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் இதன் அளவைக் குறித்திருக்கிறார்: 30 முதல் 35 அடி நீளம், 10 அல்லது 11 அடி அகலம், 7, 8 அடி ஆழம். பார்வைக்கு உயரமான, வயிறு பருத்த, அழகில்லாத படகு. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் கிடையாது. ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகையின் விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடத்தில் தென்னை நாரையோ வைக்கோலையோ திரித்து வைத்து, அதன்மேல் தென்னங்கயிற்றைக் குறுக்கு மறுக்காக இழுத்துத் தைத்துவிடுவார்கள். தரை தட்டும்போது படகின் உடம்பு முழுவதும் நெளிந்து கொடுக்கும். அடியை வாங்கிக்கொள்ளும், உடையாது. தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதை இறைத்து ஊற்றவே படகில் ஓர் ஆள். துடுப்பு என்பது நீண்ட கழியின் நுனியில் வட்டமாக ஒரு பலகைத் துண்டைக் கட்டியது. எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை வலிப்பார்கள். பின்னால் நீளத் துடுப்போடு நிற்பவர் தண்டல்.

டேனியல் படத்தில் அந்தத் தையலைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தூரத்திலிருந்து தெரியாதுதான். ஆனால் படகு முன்னும் பின்னும் உயர்ந்து வளைந்திருப்பதும், ஆட்கள் படகின் விளிம்பு உயரத்தில் குறுக்குக் கட்டைகளின்மேல் இருப்பதும் சரியாக வந்திருக்கின்றன. கப்பலின் கயிறுகளை எண்ணிப் பார்க்கிற அதே கண்டிப்போடு இதையும் எண்ணிப் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தண்டலின் வேலையைப் பற்றி அந்தக் காலத்தில் மதராஸில் இறங்கியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அலை முறியும் இடத்துக்கு வெளியே படகை நிறுத்திவிட்டு அவர் பின்னால் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒன்று போகும், இரண்டு போகும், அசையமாட்டார். உள்ளே இருக்கிற துரைக்கு உயிர் போய் உயிர் வரும். தக்க அலை ஒன்று அடியில் வந்து தூக்கும் நேரத்தில் ஒரு குரல். ஏலேலோவின் வேகம் கூடும். பன்னிரண்டு துடுப்பும் ஒன்றாக விழும். அலையின் முதுகிலேயே படகு கரைக்கு வந்து தரையில் மோதும். அடுத்த அலை வந்து கவிழ்ப்பதற்குள் ஆட்கள் குதித்து, பயணிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடுவார்கள். கடல் மோசமாக இருக்கிற நாளில் படகின் இரு பக்கமும் கட்டுமரங்கள் கூடவே வரும், விழுந்தவர்களை அள்ளுவதற்கு. படகே போக முடியாத நாளில் கட்டுமரம் மட்டும் போகும். பனையோலையால் முடைந்த, தண்ணீர் புகாத குல்லாவுக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, மூன்று நான்கு மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிய அந்த மிதவையில் முழந்தாளிட்டுக் கப்பல் வரை போவார்கள். மதராஸின் கடல் தபால் அதுதான்.

இந்தப் படகுக்காரர்களை ஆங்கிலேயர் எழுத்து நன்றாக நடத்தவில்லை. திருடர்கள், நடுக்கடலில் நிறுத்திக் கூலியை ஏற்றிக் கேட்பவர்கள், பயமுறுத்திப் பணம் பறிப்பவர்கள் என்று குற்றச்சாட்டுக்குப் பஞ்சமில்லை. கம்பெனி கூலியை விதி போட்டுக் கட்டுப்படுத்தப் பார்த்தது. படகுகளுக்கு எண் கொடுத்தது. எனக்கு இந்தக் குற்றச்சாட்டுகள் வேறு மாதிரிப் படுகின்றன. கரையில் அவர்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. அலைக்கு நடுவே மட்டும்தான் பேரம் பேசும் பலம் அவர்கள் கையில் இருந்தது. அதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். சம்பாதித்தும் இருக்கிறார்கள், ராயபுரத்தில் இன்றும் நிற்கும் புனித பேதுரு ஆலயத்தைக் கட்டியது அந்தப் படகோட்டிச் சமூகம்தான். கப்பல் ஓவியங்களில் மைப்புள்ளியாக நிற்பவர்கள் எழுப்பிய கோபுரம் அது.

நம்மவர் வரைந்த கப்பலே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, சென்னையில் அல்ல. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள் தளங்களில் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒரு கப்பல். அரபு நாட்டுக் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஓவியனுக்குத் தூரம் போகப் போகச் சிறிதாகும் கணக்கு எதுவும் கிடையாது. கப்பலுக்குள் என்ன இருக்கிறது, யார் வருகிறார்கள் என்பதே அவனுக்கு முக்கியம். ஆகவே குதிரையும் ஆளும் கப்பலுக்குச் சமமாகப் பெரிதாக நிற்கிறார்கள். ஸ்காட் வரைந்த கப்பலில் சரக்கு கண்ணுக்குத் தெரியாது. இங்கே சரக்கும் ஆளும் இல்லாமல் கப்பலே இல்லை. எது சரியான கடல் ஓவியம் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இரண்டு கண்களும் எதைத் தேடின என்று கேட்பது பயனுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகச் சாதிவாரியாக, தொழில்வாரியாகக் கணவன் மனைவி ஜோடிகளைத் தாளிலும் அப்பிரகத் தகட்டிலும் வரைந்து விற்றார்கள். மீனவத் தம்பதியும் அதில் உண்டு. அவர் கையில் வலை, அம்மாள் தலையில் கூடை. இங்கே ஆள் பெரிதாகிவிட்டார், கடல் போய்விட்டது. டேனியலிடம் கடல் இருந்தது, முகம் இல்லை. வாங்குகிறவரின் ஆல்பத்தில் ஒரு பக்கம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான் இந்தப் படங்களின் தேவை.

புகைப்படம் வந்ததும் இந்தக் குறை தீர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். 1850களின் தொடக்கத்தில் பிரெடரிக் பீபிக் மதராஸைப் படம் பிடித்தார். அன்றைய காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் பட நெடுநேரம் வேண்டும். கட்டடம் காத்திருக்கும், அலை காத்திருக்காது. ஆகவே உடையும் அலையைக் காட்டும் வேலை இன்னும் சில பத்தாண்டுகள் தூரிகைக்காரர்களிடமே இருந்தது. ஜே. பி. ஈஸ்ட் வரைந்து சி. ஹன்ட் செதுக்கிய, மதராஸில் படகேறுவதையும் இறங்குவதையும் காட்டும் இணைப் படங்கள் அந்தக் காலத்து வரவேற்பறைகளில் விரும்பி மாட்டப்பட்டதற்கு அதுவும் காரணமாக இருக்க வேண்டும். அவற்றில் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கிறது. பிழைத்து வந்தவர்கள் பிறகு சிரித்துக்கொள்வதற்கான படங்கள்.

படகுக்காரர்களின் பிடி தளர்ந்தது துறைமுகத்தால். 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். இரண்டு கைகள்போல் கடலுக்குள் நீட்டிய சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் அடித்து நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் கப்பல் சுவருக்குள் வந்து நிற்கத் தொடங்கியது. மசூலா மெல்ல மெல்லக் காணாமல் போனது. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டபோது, தையல் படகையும் கட்டுமரத்தையும் அளந்து, முடிச்சு வாரியாகக் குறித்து வைத்தார். கடல் ஓவியர்கள் விட்ட இடத்தை ஒரு மீன்வள அதிகாரி நிரப்பினார் என்று சொல்லலாம். பயன் முடிந்ததும் வந்த கவனம்தான், என்றாலும் கவனம்.

துறைமுகம் இன்னொன்றும் செய்தது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. பழைய படங்களில் கோட்டைச் சுவருக்கு மிக அருகில் அலை அடிக்கும். ஓவியர் மிகைப்படுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கடல் அங்கேதான் இருந்தது. இன்று மாலையில் நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நடக்கும் அந்த அகலமான மெரினா மணலில் பெரும்பகுதி, டேனியல் வரைந்த காலத்தில் கிடையாது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் மெரினா உலாச் சாலையை அமைத்தார். கரை உலாவுவதற்கான இடமாக ஆனது அப்போதுதான். அதுவரை அது வேலை நடக்கும் இடம்.

இதற்குப் பின் மதராஸ் கலையில் கடல் என்ன ஆனது? 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளிக்கு 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள், தசைநார் ஒவ்வொன்றும் புடைத்து நிற்கிறது, நல்ல சிற்பம். ஆனால் எதிரே கடல், மணலில் கட்டுமரம், தோள் கொடுத்து அதை மேலே தள்ளும் ஆட்கள். இத்தனையும் இருக்கும் இடத்தில், உழைப்புக்கு அடையாளமாக வந்தது ஒரு பாறை. அவருக்குப் பின் தலைவரான கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலை ஒட்டியே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அக்காலத்தில் அவர் வரைந்த புகழ்பெற்ற வரிசையில் எழுத்துகளும் குறியீடுகளும்தான். குறை சொல்வதற்கில்லை. வெள்ளைக்காரன் வரைந்த கப்பலும் கட்டுமரமும் அவர்களுக்கு அலுத்திருக்கும். அவர்கள் தேடியது வேறு. இருந்தாலும் கடல் ஓசை கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தலைமுறையின் பெரும் ஓவியங்கள் கடலுக்கு முதுகு காட்டியது, யோசிக்க வேண்டிய விஷயம்.

மயிலாப்பூருக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் ஊர்வலத்தில், நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த அதிபத்த நாயனாரும் பல்லக்கில் மாட வீதியைச் சுற்றி வருகிறார். அகப்படும் மீனில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒன்றே ஒன்று கிடைத்த நாளிலும், அது பொன்மீனாகக் கிடைத்த நாளிலும் விட்டவர். வீதியில் நிற்பவர்கள் அந்தச் செம்புத் திருமேனியைக் கும்பிடுகிறார்கள். கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நொச்சிக்குப்பம் என்ற மீனவர் குப்பம்.

அந்தக் குப்பத்தின் வரலாற்றையும் காட்சி என்ற சொல்லை விட்டுவிட்டு எழுத முடியாது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகச் சொல்லி, மணலில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கண்ணுக்கு உறுத்துகிறது என்று கருதப்பட்டவை, இருநூறு ஆண்டுகளாக ஓவியர்கள் தேடி வந்து வரைந்த அதே பொருள்கள். 2023 ஏப்ரலில் மீண்டும், மெரினா லூப் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடைகளை அப்புறப்படுத்தத் தொடங்கியதும் குப்பத்தினர் சாலையை மறித்தார்கள். நாங்கள் சாலையில் உட்காரவில்லை, எங்கள் கரையில் சாலை வந்து உட்கார்ந்தது என்பது அவர்கள் வாதம். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, மேடை, வடிகால் எல்லாம் உண்டு. சாலையில் போகிறவர் பார்வையிலிருந்து வியாபாரம் உள்ளே போயிற்று.

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் மூன்றிலும் இன்று கட்டுமரம் அரிது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை ஒரே மூச்சில் முடித்துவைத்தன. கட்டுமரம் கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். ஃபைபருக்கு அது தேவையில்லை. ஆனால் கரை ஏறும் முறையில் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. படகு அலை முறியும் இடத்துக்கு வெளியே வந்து மெதுவாகும். இஞ்சின் பிடித்திருப்பவர் திரும்பிக் கடலைப் பார்ப்பார். ஒன்றிரண்டு அலையை விடுவார். பிறகு ஒரு முறுக்கு. அலையோடு உள்ளே வந்து, தரை தட்டுவதற்குச் சற்று முன்னால் இஞ்சினை நிறுத்தி, விசிறி மணலில் படாமல் பின்பகுதியைச் சடக்கென்று மேலே தூக்கிவிடுவார். படகு தன் வேகத்திலேயே வழுக்கி மேலேறும். நான் பார்த்தவரை எந்தக் கப்பல் ஓவியரும் தண்டல் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியை வரையவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. எல்லாரும் துடுப்பு விழும் நொடியைத்தான் வரைந்தார்கள்.

ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் நாள்தோறும் கவனித்துச் சொன்னவை ஆவணமாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. வாடை அடிக்கும்போது கடல் எப்படி, கச்சான் அடிக்கும்போது எப்படி, கொண்டலில் என்ன மீன் என்பதெல்லாம் அந்த வகை அறிவில் உள்ளவை. கலை வரலாற்றாளர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்பது என் யோசனை. டேனியல்கள் மதராஸில் இருந்தது இரண்டு தடவை: 1792 மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரலில் சில நாள், பிறகு அந்த ஆண்டின் இறுதியும் அடுத்த ஆண்டின் தொடக்கமும். முதலாவது கோடைக் காற்று தொடங்கும் பருவம். இரண்டாவது வடகிழக்குப் பருவமழையின் வால். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கப்பல்கள் இந்தக் கரையில் நிற்கவே அஞ்சிய காலத்தை ஒட்டியது. 1746 அக்டோபரில் மதராஸைப் பிடித்த கையோடு பிரெஞ்சுக் கடற்படை சூறையில் சிதறியது அந்தப் பருவத்தில்தான். 1797 படத்தில் உள்ள அலை எந்தப் பருவத்து அலை? முறியும் விதம், வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரம், நுரை சாயும் பக்கம், கப்பல்களின் மூக்கு எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது என்பது வரை எல்லாம் படத்தில் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் டேனியல் அச்சுப் படங்கள் இருக்கின்றன. நொச்சிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நாற்பது வருடம் கடலுக்குப் போன இரண்டு மூன்று பேரை அழைத்துப் போய் அந்தப் படத்தின் முன் நிறுத்தி, இது எந்த மாசத்துக் கடல் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை டேனியல்களின் பயணத் தேதிகளோடு வைத்துப் பார்க்கலாம். அலை கற்பனையா, கண்டதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.